விருப்பமும் விமர்சனமும்: புனைவுலக விளையாட்டொன்றைத் திருகோணமலையிலிருந்து திருத்த விழைதல்

1

ஒரு படைப்பை அனுபவித்து முடித்தவன் "இந்த இடம் இப்படி அமைந்திருக்கலாமே" எனத் தனக்குள் கூறிக்கொள்ளும்போது அவனுள் விமர்சனம் பிறந்துவிடுகிறது. படைப்பின் குறை பற்றிய உணர்வும் அக்குறையை நீக்கும் வழி பற்றிய கற்பனையும் அக்கூற்றில் ஒருங்கே அடங்கியுள்ளன. எனினும் அச்சுப் பண்பாட்டில் அந்த விருப்பம் பெரும்பாலும் வாசகனின் நெஞ்சளவிலேயே நின்றுவிட்டது. நூல் அச்சேறிய பின்னர் அதன் ஒரு வரியையேனும் மாற்றும் வசதி அவனுக்கு இருந்ததில்லை. மதிப்புரை எழுதலாம், ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கணினி விளையாட்டு இந்நிலையை மாற்றியுள்ளது. 1993இல் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு, தனது காட்சிகளையும் களங்களையும் ஆட்டத்தின் இயங்குநிரலிலிருந்து பிரித்துத் தனிக்கோப்பாக வைத்திருந்தது. அதனால் ஆடுவோர் தாமே புதிய களங்களை அமைத்துச் சேர்க்க முடிந்தது. 1998இல் வெளியான 'ஹாஃப்-லைஃப்' என்னும் விளையாட்டை ஆடுவோர் இருவர் திருத்தியமைத்ததிலிருந்தே, 1999இல் 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' தோன்றி உலகப் புகழ் பெற்றது. ஆடுவோர் செய்யும் இத்தகைய மாற்றங்களை 'மொட்' என்னும் குறுஞ்சொல்லால் வழங்குவர். இக்கட்டுரையில் அதனைத் திருத்தம் என்றே குறிப்பிடுவேன்.

இவ்வழக்கம் மிகவும் செழித்திருப்பது புனைவுலக விளையாட்டுகளிலாகும். பெதெஸ்டா நிறுவனம் 2002இல் 'மொரோவிண்ட்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டபோது, அதனை ஆக்குவதற்குப் பயன்பட்ட கருவியின் ஒரு வடிவத்தையும் கணினிப் பதிப்புடன் சேர்த்தே அளித்தது. 2011 நவம்பரில் அதே வரிசையில் வந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்துக்கு 2012 பெப்ரவரியில் ஆக்கக் கருவி இலவசமாக வழங்கப்பட்டது. அன்றுதொட்டு இன்றுவரை ஆடுவோர் தம் விருப்பங்களைக் கூறுவதும், பிறர் அவற்றுட் சிலவற்றை நிறைவேற்றுவதும் ஓயாது நடைபெறுகின்றன. 'இன்ன ஊர் பெரிதாக வேண்டும்', 'இன்ன பாத்திரம் சாகாதிருக்க வேண்டும்', 'குளிரும் பசியும் ஆட்டத்தில் உறைக்க வேண்டும்' என்பன போன்ற வேண்டுகோள்களின் திரளை, பரந்துபட்ட மக்கள் விமர்சனம் எனக் கொள்வதில் தவறில்லை.

நமது பல்கலைக்கழகச் சூழலில் இதனைத் திறனாய்வுக்குரிய பொருளாக எவரும் பெரிதும் கருதியதில்லை. விளையாட்டுத்தானே என்ற அலட்சியம் ஒரு காரணம். இது நமக்குப் புறம்பான பண்பாடு என்ற எண்ணம் மற்றொன்று. இரண்டாவது எண்ணம் எத்துணை பொருத்தமற்றது என்பதைக் காட்டத் திருகோணமலைத் துறைமுகப் பகுதி ஒன்றே போதுமானது.

2

பிறர் உருவாக்கிய புனைவுலகை எடுத்துத் தம் வழக்குக்கேற்ப மாற்றுதல் இத்துறைமுகத்துக்குப் புதிதன்று. ஈழத்து நாவல் வரலாறு கூறுவோர், சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'க்கு (1885) அடுத்ததாக வைத்துப் பேசும் நூல், திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஆகும். இது சுயகற்பனையன்று. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சில் அச்சேறிப் பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உலாவிய வீரசாகசக் கதையொன்றின் தமிழ் வடிவம். பிறந்தவுடன் பிரிந்துபோன இரட்டையருள் ஒருவன் அரசவையில் வளர்கிறான். மற்றவன் கரடியின் பாலுண்டு காட்டு மனிதனாக வளர்கிறான். வலண்டைன் தமிழ் நாவிலே பாலந்தையானான், ஓர்சன் ஊசோனானான். அரக்கரும் மாயமும் போர்க்களமும் நிறைந்த அக்கதையுலகம், இன்றைய புனைவுலக விளையாட்டுகளின் மூதாதையருள் ஒன்று எனத் தயங்காது கூறலாம்.

நமது விமர்சகர்கள் இந்நூலை நாவலின் இலக்கணம் நிரம்பாதது என்று கூறி விலக்கி வைத்தமை நியாயமே. நடப்பியல் வாழ்க்கை அதில் இல்லை. நான்கு ஆண்டுகளின் பின் அதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' (1895) எழுதியபோதுதான் தமிழில் வரலாற்று நாவலுக்கு வழி திறந்தது. ஆயினும் நமது இன்றைய நோக்கிலே இன்னாசித்தம்பியின் முயற்சி வேறொரு கேள்வியை எழுப்புகிறது. பெயரையும் மொழியையும் மாற்றியதன் மூலம் அவர் அக்கதையுலகினுள் தமிழ் வாசகன் நுழைவதற்கு ஒரு வாயிலை அமைத்தார். ஆனால் உள்ளே நுழைந்தவன் கண்ட உலகின் ஒழுங்கு மாறவில்லை. குலப்பெருமையும் வாள்வலியுமே அங்கும் நீதியாய் நின்றன. வாயிலை மாற்றுவது எவ்வளவு, வீட்டை மாற்றுவது எவ்வளவு என்னும் இக்கேள்வி, திருத்தம் செய்வோர் எவரையும் நோக்கிக் கேட்கத்தக்கது.

வீட்டையே மாற்றிய எடுத்துக்காட்டும் இங்குண்டு. திருக்கோணேஸ்வரம் அமைந்துள்ள குன்றின் பிளவை மக்கள் 'இராவணன் வெட்டு' என்பர். தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனின் வாள் பட்ட இடம் அது என்பது ஐதிகம். நகருக்கு வடமேற்கேயுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும், அத்தாய்க்கு இறுதிக் கருமம் ஆற்றுவதற்காகத் தோன்றியவை என்பர். காப்பியத்தில் எதிர்த்தலைவனாக நிற்கும் ஒருவனை இவ்வூர் மக்கள் தாயை இழந்து துயருறும் மகனாக ஆக்கிவிட்டனர். மூலக்கதையின் நிகழ்ச்சி ஒன்றையேனும் அவர்கள் நீக்கவில்லை. அருகில் ஒரு கதையை வைத்தனர். அதனால் முழுக்கதையின் பொருளும் சற்றே திரும்பிற்று. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் வழிகாட்டலில் மேடையேறிய 'இராவணேசன்', இராவணனை அவல நாயகனாகக் காட்டியமையும் இதே வகைப்பட்டது. விடிய விடிய ஆடப்பட்ட கூத்தை நவீன அரங்குக்கேற்பச் சுருக்கியமை வடிவத் திருத்தம். இராவணனின் மனப்போரை முன்னிறுத்தியமை பொருட் திருத்தம்.

3

இனி, கணினி விளையாட்டில் திருத்தம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். பின்னர் கூறவிருக்கும் கருத்துக்கு இது இன்றியமையாதது.

ஸ்கைரிம் போன்ற ஆட்டத்தில் மூலக்கோப்பை எவரும் அழிப்பதில்லை. திருத்துவோர் தம் மாற்றங்களை மட்டும் 'செருகுநிரல்' எனப்படும் சிறு கோப்பொன்றிற் பதிவு செய்கின்றனர். ஆட்டம் தொடங்கும்போது மூலம் முதலிலும், செருகுநிரல்கள் அதன் மேல் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஏற்றப்படுகின்றன. செருகுநிரலை நீக்கினால் மூலம் பழையபடி நிற்கும். ஒரே பொருளை இரண்டு திருத்தங்கள் வெவ்வேறு விதமாக மாற்றினால், இறுதியில் ஏற்றப்பட்டதே செல்லுபடியாகும். மற்றது கோப்பில் இருந்தும் திரையில் இராது. இதனை ஏற்றும் வரிசைச் சிக்கல் என்பர். இதற்குப் பரிகாரமாக, இரண்டு திருத்தங்களும் ஒருங்கே வாழ வழிசெய்யும் மூன்றாவது சிறு கோப்பொன்றைச் சிலர் பொறுமையுடன் ஆக்கித் தருகின்றனர். அதனை இணக்கத் திருத்தம் எனலாம். அதனை ஆக்குவோருக்குப் புகழ் குறைவு. ஆனால் அவர்களின்றி இவ்வழக்கமே நிலைபெறாது.

திருத்தங்களை மூன்று தரத்தனவாகப் பகுத்து நோக்குதல் பயனுடையது. ஆடை, அணி, வாள், குதிரை ஆகியவற்றின் தோற்றத்தை மாற்றுவன முதல் வகை. மூலத்தின் பிழைகளைச் செப்பம் செய்வன இரண்டாம் வகை. உலகின் நீதியையும் ஒழுங்கையும் பற்றிப் புதிய வினாவை எழுப்புவன மூன்றாம் வகை. மூன்றாம் வகை அரிது, ஆனால் உண்டு. ஸ்கைரிமின் திருத்தமாக 2015இல் வெளிவந்த 'மறக்கப்பட்ட நகரம்' என்னும் ஆக்கம், ஒருவர் குற்றம் செய்தால் அனைவரும் அழிவர் என்னும் விதியுடைய நிலத்தடி நகரொன்றைப் படைத்து, வாள்வீச்சு ஆட்டத்தைச் சட்டமும் குற்றமும் பற்றிய விசாரணையாக மாற்றியது. 2016இல் அவுஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் பரிசைப் பெற்ற அது, 2021இல் தனி ஆட்டமாகவே வெளிவந்தது. விருப்பம் விமர்சனமாகி, விமர்சனம் படைப்பாகிய வளர்ச்சியை இதிற் காணலாம்.

4

இத்துறைமுகத்தின் கரையில் வளர்ந்தவன் என்ற முறையில், ஸ்கைரிம் ஆட்டத்திலே நான் காண விழையும் திருத்தங்கள் நான்கினை இனிக் கூறுவேன். அவற்றைத் தனிமனித ஆசைகளாக அன்றி, அப்படைப்பின் மீதான நான்கு விமர்சனக் குறிப்புகளாகக் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

முதலாவது மொழி. அவ்வாட்டத்திலே பதிவு செய்யப்பட்ட வசனங்கள் 60,000க்கு மேற்பட்டவை என ஆக்கியோர் அறிவித்தனர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்யன், யப்பானியம் முதலிய மொழிகளில் அது வெளிவந்தது, தமிழில் வரவில்லை. திருத்தம் செய்வோர் தமிழாக்க முற்பட்டாலும் எழுத்தே தடையாகிறது. ஒருங்குறி முறையில் 'கெ' என்னும் எழுத்தைப் பதியும்போது ககரம் முன்னும் எகரக் குறி பின்னுமாக வைக்கப்படும். திரையில் அக்குறியை ககரத்துக்கு முன்னே கொண்டுவந்து காட்டுவது காட்சிநிரலின் பொறுப்பு. பழைய விளையாட்டு இயந்திரங்கள் பல இப்பொறுப்பை ஏற்பதில்லை. எழுத்துகள் சிதைந்து தோன்றும். இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துகளைப் பதிவது. நாம் காலங்கடந்தது எனக் கைவிட்ட அம்முறையை எடுத்தாண்டே இவ்வியந்திரங்களில் தமிழைச் சீராகக் காட்ட முடிகிறது என்பது சிந்திக்கத்தக்கது. 2023இல் வெளியான கோடோ 4 போன்ற புதிய இயந்திரங்கள் நம் எழுத்தை நேரடியாகவே கையாளுகின்றன. எனவே இன்று குறையாக இருப்பது கருவியைவிட உழைப்பும் நடையுமே. பனிநாட்டு மறவன் எந்தத் தமிழிற் பேசுவான்? சரித்திர நாடகத் தமிழிலா, துறைமுகத்துப் பேச்சுத் தமிழிலா? இன்னாசித்தம்பி 1891இல் எதிர்கொண்ட அதே வினா இது.

இரண்டாவது துறைமுகம். அவ்வாட்டத்தில் விண்ட்ஹெல்ம் என்றொரு துறைமுக நகர் உண்டு. அங்கே கப்பற் பொதிகளைக் கையாளும் ஆர்கோனியர் என்னும் பல்லியுருவ மாந்தர் நகர மதிலுக்கு உட்சென்று வாழ அனுமதியற்றவர்கள். மதிலுக்கு வெளியே துறைமேடையிலேயே குடியிருக்கிறார்கள். நோர்ட் இனத் தொழிலாளியிலும் குறைந்த கூலியே அவர்களுக்கு. அவர்களுள் ஒருவர் ஆடுவோனிடம் வந்து, தம் முதலாளியிடம் நியாயமான கூலி கேட்டுத்தருமாறு வேண்டுகிறார். இன்சொல்லாலோ கையூட்டாலோ அச்சுறுத்தலாலோ அதனைச் சாதித்துவிடலாம். சாதித்ததற்கு ஒரு பரிசும் கிடைக்கும். ஆனால் அதன்பின் அத்துறையில் ஏதும் மாறுவதில்லை. அவர்கள் மதிலுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அதே மூட்டைகளைத்தான் தூக்குகிறார்கள்.

துறைமுகத் தொழிலை நேரிற் கண்டோர் இவ்விடத்திலே படைப்பாளரின் கூர்மையையும் கோழைத்தனத்தையும் ஒருசேர உணர்வர். கூலி வேறுபாட்டையும் குடியிருப்பு விலக்கையும் துணிந்து காட்டிய ஆக்கியோர், அதற்கான தீர்வை ஒரு வீரனின் தனிச் சாதுரியத்தில் அடக்கிவிட்டனர். தொழிலாளர் தாமே கூடிப் பேசுதல், வேலையை நிறுத்துதல், பொதி இறங்காமையால் நகரின் அங்காடி வெறுமையாதல் ஆகியன அவ்வுலகில் நிகழவியலா. நான் விழையும் திருத்தம் இதுவே: அத்துறையில் ஒரு வேலைநிறுத்தம் நடைபெறட்டும். ஆடுவோன் அதில் நாயகனாக இராது சாட்சியாகவோ உதவியாளனாகவோ நிற்கட்டும்.

மூன்றாவது கடல். ஸ்கைரிமுக்கு வடக்கே பெருங்கடல் உண்டு. நீந்தலாம், ஆழத்தில் மூழ்கலாம், ஆனால் ஒரு வள்ளத்தைத் தானே செலுத்த ஆடுவோனால் முடியாது. படகோட்டிக்குப் பணங் கொடுத்தால் திரை இருண்டு மறுதுறையில் நிற்கிறான். கடல் அங்கே வழியன்று, விளிம்பு. கொட்டியாரக் குடாவையும் உள்துறைமுகத்தையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெருங்குறை. வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில் இக்கடல் மீனவனை வீட்டில் இருத்திவிடும். தென்மேற்குப் பருவகாலத்தில் மேற்குக்கரை கொந்தளிக்கும்போது, அங்குள்ள மீனவர் கிழக்குக்கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வர். காற்று திரும்புவதால் மனிதர் இடம்பெயர்வதும், இடம்பெயர்ந்தோரும் உள்ளூராரும் கரையைப் பங்கிடுவதில் உறவும் பிணக்கும் பிறப்பதும் இக்கரையோரத்தின் வாழ்வு. புனைவுலகில் மழையும் பனியும் அழகாகப் பெய்கின்றன. ஆனால் அவை எவருடைய உலையையும் பாதிப்பதில்லை. பருவக்காற்றுக்கேற்ப மீனும் மனிதரும் நகரும் ஒரு கரையை அவ்வுலகில் அமைப்பது, அதன் பொருளியலையே மாற்றுவதாகும்.

நான்காவதும் முதன்மையானதும் இறப்புப் பற்றியது. அவ்வாட்டத்திற் பெயர் பெற்ற நகரவாசி ஒருவர் இறந்தால், சில நாள்களில் அவர் உடல் நகரின் இறந்தோர் மண்டபத்திலே பேழையில் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நுட்பமான ஏற்பாடு இது, பாராட்டத்தக்கது. ஆனால் காட்டிலும் குகையிலும் வெட்டி வீழ்த்தப்படும் கொள்ளையர் நூற்றுக்கணக்கானோர்க்கு இவ்வேற்பாடு இல்லை. அவர்கள் ஆடுவோனைக் கண்டவுடன் தாக்குவர். அவர்களுடன் பேச வழியில்லை. வீழ்ந்தபின் சில நாள்களில் உடல்கள் மறைந்துவிடும். அதே குகையிலே பெயரற்ற வேறு சிலர் மீண்டும் தோன்றுவர். குடிமகனுக்குப் பேழை, மற்றவனுக்கு மறைவு என்னும் இவ்வேறுபாடு நிரலாக்க வசதிக்காகச் செய்யப்பட்டதே. எனினும் அதற்கு ஓர் அரசியல் உண்டு.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் 5 தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவனுக்கு ஒரு பெயர் உண்டு, அவனைத் தேடி ஒருவர் வருவார், அவனுக்குக் கருமம் செய்ய நீர் வேண்டும் என்பதை இம்மண்ணில் வாழ்ந்த எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. கன்னியாவில் எதிர்த்தலைவனின் தாய்க்கும் ஏழு கிணறுகளை ஒதுக்கிய மக்களின் கற்பனை, இக்கணினி உலகின் கற்பனையினும் உயர்ந்தது என்பதே என் துணிபு. எனவே எனது விருப்பம் எளியது: வீழ்ந்த கொள்ளையனைத் தேடி மறுநாள் ஒரு கிழவி அக்குகைக்கு வரட்டும். அவள் ஆடுவோனிடம் ஏதும் கேட்க வேண்டாம். தண்ணீர் மட்டும் கேட்கட்டும். இதனைச் செய்வதற்குப் புதிய பாத்திரம் ஒன்றும் சில வசனங்களும் போதும். ஆனால் அதன்பின் அவ்வாட்டத்தை முன்போல ஆட முடியுமா என்பது ஐயமே.

5

இவ்வளவு கூறியபின், "இதெல்லாம் எதற்கு? திருகோணமலையையே ஒரு புனைவுலகாக அமைத்து அவ்வாட்டத்தினுள் சேர்த்துவிடலாமே" என்று இளைஞர் கேட்கக்கூடும். கவர்ச்சியான எண்ணந்தான். குளக்கோட்டன் கட்டியதாக மரபு கூறும் கந்தளாய்க் குளம், மலைமேற் கோயில், வெந்நீர்க் கிணறுகள், ஒல்லாந்தர் கோட்டை, 1660இல் கொட்டியாரத்திற் பிடிபட்ட ரொபேட் நொக்ஸ் எனப் பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் இவ்விடத்திலே திருத்தம் செய்வோனுக்குப் பெரும் பொறுப்பு ஒன்று காத்திருக்கிறது.

திருத்தங்களில் இருவகை உண்டு என முன்னர் கூறாத வேறொரு பாகுபாட்டை இங்குக் கூற வேண்டும். மூலத்தை இருக்கவிட்டு அதன்மேற் சேர்ப்பது ஒன்று. மூலத்தை இடித்து அதன் கல்லாலேயே வேறொன்றைக் கட்டுவது மற்றொன்று. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டியமை இரண்டாம் வகையின் கொடிய உதாரணம். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளாக்கும் கடலடியிற் கோயிலின் சிதைவுகளைக் கண்டபோதுதான், அழிக்கப்பட்ட மூலத்தின் ஒரு பகுதி மீண்டும் உலகின் கண்ணுக்குப் புலனாயிற்று. கணினித் திருத்தத்தின் அறம் முதல் வகையைச் சார்ந்தது. மூலம் அழிவதில்லை என்பதே அதன் மேன்மை.

ஆயினும் ஏற்றும் வரிசைச் சிக்கல் அங்கும் உண்டு. இம்மாவட்டத்திலே ஒரே குன்றையும் ஒரே கிணற்றையும் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் வழங்குகின்றன. கோணேஸ்வரம், கன்னியா ஆகியவற்றின் உரிமை பற்றி அண்மைக் காலத்தில் எழுந்த பிணக்குகளை யாவரும் அறிவர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகியோருள் எவரும் இம்மாவட்டத்திலே அரைவாசியாக இல்லை. கரையோர வேடர் மரபினரும் மூதூர், வெருகல் பகுதிகளில் வாழ்கின்றனர். இத்தகைய ஓரிடத்தைப் புனைவுலகாக்கும் ஒருவன், தன் மரபை மட்டும் இறுதியில் ஏற்றி மற்றவரின் தடயங்களைத் திரையிலிருந்து நீக்கிவிடுதல் மிக எளிது. எல்லாக் கோப்புகளும் இருக்கும். ஒன்று மட்டுமே தெரியும். அதிகாரம் படைத்தோர் நிலத்திற் செய்வதை நாம் கணினியிற் செய்தவராவோம். நம் மரபு மறைக்கப்படுகிறது என்னும் நமது முறைப்பாடு நியாயமானது. அதனாலேயே பிறர் மரபை மறைக்கும் உரிமை நமக்கு உண்டாகிவிடாது.

எனவே திருகோணமலையைப் புனைவதற்கு முன், இணக்கத் திருத்தத்தின் ஒழுக்கத்தை நாம் கற்க வேண்டும். அதனை ஆக்குவோன் இரண்டு திருத்தங்களையும் திறந்து, வரிவரியாக ஒப்பிட்டு, எங்கே மோதுகின்றன என்று கண்டு, இரண்டின் நோக்கமும் கெடாத ஒரு தீர்வைத் தேடுகிறான். இரண்டும் ஒன்றே எனப் பொய்யாகச் சமரசம் சொல்வதில்லை. மோதல் இல்லை எனக் கண்ணை மூடுவதுமில்லை. மோதும் இடத்தை முதலில் அறிகிறான். நல்ல பதிப்பாசிரியன் பாடபேதங்களைக் கையாளும் முறையும் இதுவே.

6

இறுதியாக, இவ்வழக்கத்தின் எல்லைகளையும் மறைக்காது கூறவேண்டும். திருத்தம் எவ்வளவு சிறந்ததாயினும் பிறர் நிலத்தில் கட்டிய வீடே. 2015 ஏப்ரில் 23ஆம் நாள் ஸ்கைரிமின் திருத்தங்களை விலைக்கு விற்கும் முறை அறிமுகமானபோது, விற்பனையில் ஆக்கியவனுக்கு உரிய பங்கு நூற்றுக்கு 25 மட்டுமே. ஆடுவோரின் கடுங்கண்டனத்தால் நான்கு நாள்களில் அது கைவிடப்பட்டது. 2021 நவம்பரில் மூல ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தபோது, அதுவரை இயங்கிய திருத்தங்கள் பல ஒரே நாளிற் செயலிழந்தன. உழைப்பு ஆடுவோருடையது, உரிமையும் அட்டவணையும் நிறுவனத்துடையன. இதனை மறந்து திருத்தப் பண்பாட்டை மக்கள் சுதந்திரத்தின் உச்சமெனக் கொண்டாடுதல் பேதைமை. ஆதலால் திருத்தம் பயில்களமாக இருக்கலாம். முடிந்த இலக்காக முடியாது. யாருக்கும் உரிமைக்கட்டணம் செலுத்தாது எவரும் எடுத்தாளக்கூடிய கோடோ போன்ற திறந்த இயந்திரங்களில் நம் சொந்த உலகுகளை அமைக்கும் நாள் தொலைவில் இல்லை.

அதற்கு முன் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தமிழ்த்துறை மாணவரும் கணினித்துறை மாணவரும் ஒருங்கமர்ந்து, ஒரே ஒரு சிறு திருத்தத்தையேனும் முழுமையாகச் செய்து பார்க்கலாம். பெரிய நகரம் வேண்டாம். புதிய போர்க்களம் வேண்டாம். குகைவாயிலில் வந்து நிற்கும் அக்கிழவியின் வசனத்தை எந்தத் தமிழில் எழுதுவது என்று விவாதிப்பதிலிருந்து தொடங்கலாம். அவள் எந்த ஊரவள், எந்தச் சமயத்தவள், அவளுக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும் என்பனவெல்லாம் அவ்விவாதத்தில் தாமே எழும். அவற்றுக்கு விடைகாண முயலும்போது, விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாம் நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை உணர்வோம். நல்ல விமர்சனத்தின் பயனும் அதுவே.